இருட்டும் நேரத்தில் அம்பைத் தேடுவது: இலங்கை மலையக வில்லாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது வேட்டைக்கான விஷயமா? இங்கே வில்லை வைத்து வேட்டையாடலாமா?

கூடாது. மரை, மான், கேளையாடு, சிறுத்தை எல்லாம் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஹோர்ட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே வில்லோடு நின்றாலே வம்பு. காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் வந்து மரவள்ளியைக் கிண்டிப் போடுகிறது, அதையாவது அடிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கான பதிலை வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள், அம்பு விற்பவரிடம் கேட்காதீர்கள்.

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு? மங்கல் வெளிச்சத்தில் அம்பைக் கண்டுபிடிக்கும் வித்தைகளில் முக்கால்வாசி வட அமெரிக்காவின் வில் வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தவை. அவர்கள் பொழுது சாயும் நேரத்தில் மானுக்கு அம்பு விடுகிறவர்கள். நாம் பொழுது சாயும் நேரத்தில் இலக்குப் பலகைக்கு அம்பு விடுகிறோம். வேலையும் பள்ளிக்கூடமும் முடிந்து மைதானத்துக்கு வந்து சேர நான்கரை மணியாகிவிடும் ஊரில் வேறு வழியில்லை. அம்பு தொலைகிற விதம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மற்ற ஊர்க்காரர்களை விட நமக்கு ஏன் அதிகம் தொலைகிறது?

மூன்று காரணம். ஒன்று, பொழுது வேகமாக விழுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால், மறைந்த பிறகு கண்ணுக்கு உதவுகிற வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். கனடாவில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ கிடைக்கும். அதிலும் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துப் பள்ளங்களில் நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு முன்னாலேயே மலை சூரியனை மறைத்துவிடும்.

இரண்டு, மூட்டம். மே முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவுகளிலும், ஆண்டுக் கடைசியில் பண்டாரவளை, அப்புத்தளை பக்கமும் மூன்று மணிக்கே இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று, சரிவு. சமதரையில் இலக்கைத் தாண்டிய அம்பு கொஞ்ச தூரத்தில் புல்லில் செருகி நிற்கும். நம் மைதானங்களில் பாதி, மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டுச் சமதரை. அதன் ஓரத்துக்கு அப்பால் தரை கீழே போய்விடுகிறது. ஓரம் தாண்டிய அம்பு தேயிலைக்குள் போனதாகத்தான் கணக்கு.

ஒரு அம்புக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? போனால் போகட்டும் என்று விடலாமே?

விடலாம், அம்பு தேயிலைக்குள் இல்லையென்றால்.

ஒரு மலையில் கொழுந்து எடுத்து ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த சுற்று வந்துவிடும். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிரை பிடித்து (செடி வரிசையோடு) வருகிற அக்காமார் செடியின் மேல்தட்டைப் பார்த்து விரலை ஓட்டுகிறார்கள். உள்ளே என்ன நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு கொழுந்து எடுக்க முடியாது. கார்பன் அம்பு முறிந்திருந்தால் இன்னும் மோசம். அதன் சிம்பு ஊசியை விட மெல்லியது, தோலுக்குள் போய் முறிந்தால் எடுப்பது பெரும்பாடு. காலில் செருப்பில்லாமல் கான் (வடிகால்) வழியே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே இங்கே அம்பைக் கண்டுபிடிப்பது காசுக் கணக்கு மட்டும் இல்லை. கீழே வருகிற நிறம், ஸ்டிக்கர், விளக்கு எல்லாவற்றையும் நான் இந்தக் கண்ணோடுதான் எடை போடுகிறேன்.

இறகுக்கு எந்த நிறம் நல்லது? கடையில் பச்சை கலந்த நியோன் மஞ்சள்தான் அதிகம் இருக்கிறது.

அதை மட்டும் வாங்காதீர்கள். வெளிநாட்டில், பழுத்து விழுந்த இலைகளுக்கு நடுவே அந்த மஞ்சள்பச்சை பளிச்சென்று தெரியும். நம்மிடம் அதே நிறத்தில் ஒரு பயிரே நிற்கிறது. மழை பெய்து இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் எழும்பும் இளங்கொழுந்தைப் பாருங்கள். நியோன் மஞ்சள்பச்சை இறகை அதன் நடுவே வைத்தால், பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடும்.

செம்மஞ்சள் பரவாயில்லை. ஆனால் கவ்வாத்து வெட்டிய மலையில், காய்ந்த குச்சியும் சிவந்த மண்ணுமாகக் கிடக்கும் இடத்தில் அதுவும் மங்கும். வெள்ளை நல்ல தேர்வுதான். தேயிலை பூத்திருக்கும் காலத்தில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் தேயிலைப் பூ வெள்ளை. நல்ல அடர்ந்த நியோன் இளஞ்சிவப்புக்கு மட்டும் தேயிலை மலையில் போட்டியே கிடையாது. அந்த நிறத்தில் அங்கே இயற்கையாக எதுவும் இல்லை.

இன்னொன்று. தேயிலைச் செடிக்குள் மேலிருந்து விழுந்த அம்பு முனை கீழே, நொக் (வாலில் நாணை மாட்டும் பிளவுள்ள சிறு துண்டு) மேலே என்று நிற்கும். தண்டும் இறகும் கிளைகளுக்குள் போய்விடும். மேல்தட்டுக்கு மேலே தெரிவது நொக்கின் ஒரு விரல்நுனி அளவுதான். இறகுக்குச் செலவழிக்கிறவர்கள் நொக்கைக் கறுப்பில் விட்டுவிடுகிறார்கள். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். வெள்ளையோ இளஞ்சிவப்போ போடுங்கள்.

பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஆறு மணிக்குக் கறுப்பாகத் தெரிகிறதே, ஏன்?

கண்ணில் இரண்டு வகை உணர்செல்கள் இருக்கின்றன. கூம்புகள் நல்ல வெளிச்சத்தில் நிறம் காட்டும். கோல்கள் மங்கலில் வேலை செய்யும், ஆனால் நிறம் காட்டாது. பகலில் கண் அதிகம் உணர்வது 555 நானோமீற்றர் அலைநீளத்தை, அதாவது மஞ்சள்பச்சையை. இருட்டுக்குப் பழகிய கண்ணில் அது 507 பக்கம், நீலப்பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. சிவப்பு அந்த எல்லைக்கு வெளியே நிற்பதால் கோல்களுக்கு அது ஏறக்குறைய இருட்டு. செக் நாட்டு உடலியலாளர் பூர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விடிகாலையில் பூக்களின் நிறம் மாறித் தெரிவதைக் கவனித்து இதை எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் இதைச் சொல்கிறார்கள்.

நமக்கு இதனால் என்ன? சாதாரணச் சிவப்பு இறகு மசங்கல் நேரத்துக்கு உதவாது. நியோன் இளஞ்சிவப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுவும் கடைசிப் பத்து நிமிடத்தில் மங்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு வெள்ளை வேண்டும். இறகு இளஞ்சிவப்பு, அதற்கு அடியில் தண்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் வெள்ளை ஸ்டிக்கர், நொக் வெள்ளை. பகலுக்கு ஒன்று, அந்திக்கு ஒன்று. என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நியோன் நிறம் இருட்டில் ஒளிருமா?

ஒளிராது. கண்ணுக்குத் தெரியாத புறஊதாவையும் நீல ஒளியையும் வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. சூரியன் மறைந்ததும் வானத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் நீலம் அதிகம். அந்தியில் நியோன் தனியாக எழுந்து தெரிவது அதனால்தான். வாங்குவதற்கு ஒன்றும் இல்லையென்றால் தருவதற்கும் ஒன்றும் இல்லை. முழு இருட்டில் அது வெறும் பிளாஸ்டிக்.

மலை உயரத்தில் வெயிலின் புறஊதா கடுமை, நியோன் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். அம்புக் கூட்டை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை அம்பில் ஒட்டலாமா?

தாராளமாக. செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. ஒரு விரற்கடை அகலத்தில் கீறி, இறகுக்கு முன்னால் தண்டைச் சுற்றி ஒரு வளையம். அதிகம் ஒட்ட வேண்டாம், எடை கூடும். விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் அம்புத்தாங்கியில் உரசும், நகத்தால் நன்றாக அழுத்திவிடுங்கள். எல்லா அம்பிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும்.

ஸ்டிக்கரில் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் மேற்பரப்பிலேயே நுண்ணிய கண்ணாடி மணிகள் வெளியே தெரிய இருக்கும், பாதுகாப்பு அங்கிகளில் தைக்கும் சாம்பல் நிறத் துணிப் பட்டியைப் போல. அது நனைந்தால் திருப்பி ஒளிவிடும் சக்தி பெரிதும் குறைந்துவிடும். மேலே பிளாஸ்டிக் படலம் மூடிய வகையும், தேன்கூட்டுக் கட்டம் தெரிகிற வகையும் மழையில் அவ்வளவு கெடாது. நம் ஊருக்கு இரண்டாவதுதான். கடையில் சந்தேகம் வந்தால் ஒரு துளி தண்ணீர் விட்டு, போன் டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஸ்டிக்கர் ஒட்டியும் தெரியவில்லை. டோர்ச் நல்ல பெரிய டோர்ச்தான்.

டோர்ச்சை இடுப்பில் பிடித்திருப்பீர்கள். இந்த ஸ்டிக்கர் வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, சுற்றிலும் சிதறவிடுவதில்லை. திரும்பி வரும் ஒளி மிகக் குறுகிய கூம்பு. 20 மீற்றர் தூரத்தில் ஒரு பாகை என்பது வெறும் 35 சென்ரிமீற்றர். டோர்ச் இடுப்பிலும் கண் அதற்கு இரண்டடி மேலேயும் இருந்தால், ஸ்டிக்கர் அனுப்பும் ஒளியில் பெரும்பகுதி உங்கள் வயிற்றுக்குத்தான் போகிறது. டோர்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள், அல்லது தலையில் கட்டும் விளக்கைப் போடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். பெரிய டோர்ச்சும் தேவையில்லை.

ஆனால் மூட்டத்தில் தலைவிளக்கைப் போட்டால் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்புகிறதே?

சரியான கேள்வி. வெளிநாட்டு விளக்கக் குறிப்புகள் இதைப் பெரும்பாலும் தொடுவதேயில்லை. மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பிச் சிதறடிக்கின்றன. விளக்கு கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகம் கண்ணுக்குத் திரும்பி வரும். அதனால்தான் வாகனங்களில் மூட்ட விளக்கைக் கீழே பொருத்துகிறார்கள். ஸ்டிக்கருக்கு விளக்கு கண்ணோடு இருக்க வேண்டும், மூட்டத்துக்கு விளக்கு கண்ணை விட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். தலைவிளக்கை மிகக் குறைந்த வெளிச்சத்தில் வையுங்கள். பலருக்கு இது மனம் வராது, இருட்டுகிறது என்றால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் கை போகும். கூட்டினால் சுவர்தான் கூடும். குறைந்த வெளிச்சத்திலும் ஸ்டிக்கர் பத்து மீற்றருக்குள் பளிச்சிடும். அப்படியே நிரை நிரையாகக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கூடவே இன்னொருவர் வேறொரு டோர்ச்சைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து, பக்கவாட்டில் வீசட்டும். தாழ்ந்து வரும் ஒளியில் புல்லுக்கு மேல் துருத்தும் நொக்கின் நிழல் நீளமாக விழும். நிழல்தான் முதலில் கண்ணில் படும்.

அடர்ந்த மூட்டம் என்றால் ஸ்டிக்கரை நம்பிப் பயனில்லை. தானே ஒளிவிடும் பொருள்தான் வேலை செய்யும். அதற்குத்தான் அடுத்த கேள்வி.

விளக்கு வைத்த நொக் வாங்கலாமா? பார்க்க நன்றாக இருக்கிறது.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாண் தள்ளும் வேகத்தில் உள்ளே இருக்கும் சுவிட்ச் அழுந்தி எல்இடி எரியத் தொடங்கும். குச்சி போன்ற சிறிய லித்தியம் பெட்டரி பல மணி நேரம் தாங்கும். அம்பு பறக்கும் பாதையே ஒரு கோடாகத் தெரியும், எங்கே விழுந்தது என்று தேட வேண்டியதில்லை. மூட்டத்திலும் மங்கலாக ஒரு புள்ளி தெரியும். சிவப்பை விடப் பச்சை விளக்கு மங்கலில் கண்ணுக்கு நன்றாகப் படும், காரணம் மேலே சொன்னதுதான்.

சிக்கல்களைக் கேளுங்கள். தண்டின் உள்விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். 4.2, 5.2, 6.2 மில்லிமீற்றர் என்று பல அளவு இருக்கிறது, தளர்வாக இருந்தால் நாணில் இருந்தபடியே பிளந்துவிடும் ஆபத்து உண்டு. சிலது எய்தும் எரியாது, சிலது அம்புக்கூட்டிலேயே எரிந்து தீரும். ஈரத்தில் உள்ளே களிம்பு பிடித்தால் மின்தொடர்பு கெடும். மழையில் நனைந்த அன்று கழற்றி, துடைத்து, உலர வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

என் கணக்கு இது. பன்னிரண்டு அம்புக்கும் இதை வாங்கிப் போடுவது வீண். ஓரம் தாண்டும் வாய்ப்பு அதிகமுள்ள நீண்ட தூரத்துப் பயிற்சிக்கு மூன்று நான்கு அம்பில் போட்டு, அதே எடையில் விளக்கில்லாத நொக்கை மற்றதில் போட்டால் போதும்.

அந்த நொக் போட்டதும் அம்பு முன்பு போலப் போகவில்லை. என் கைதான் கோளாறா?

கையில் கோளாறு இல்லை, எடைதான் காரணம். சாதாரண நொக்கை விட விளக்கு நொக் சுமார் 15 கிரெய்ன் அதிகம், அதாவது ஒரு கிராம். ஒரு கிராமில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். அது ஏறுவது அம்பின் வாலில்.

28 அங்குல அம்பு, மொத்த எடை 400 கிரெய்ன், சமநிலைப் புள்ளி நொக்கிலிருந்து 17.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளி 14. ஆக, எடை நடுவிலிருந்து 3.5 அங்குலம் முன்னால் நிற்கிறது. 28இல் 3.5 என்பது 12.5 சதவீதம். வாலில் 15 கிரெய்ன் ஏறியதும் சமநிலைப் புள்ளி ஏறத்தாழ 16.9க்குப் பின்வாங்கும், சதவீதம் பத்துக்குச் சற்று மேல் இறங்கிவிடும். முன்பாரம் குறைந்த அம்பு காற்றில் வாலை ஆட்டும், கணவாய்க் காற்று அடிக்கும் இடங்களில் இன்னும் அதிகமாக. முனையில் கொஞ்சம் எடை கூட்டினால் சமப்படும், ஆனால் அப்போது தண்டு வளைகிற அளவும் மாறும், அம்பு தாழ்ந்தும் விழும். எதை மாற்றினாலும் குறிபார்வையைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

இருட்டில் மின்னும் பெயின்ட்?

ஸ்ட்ரொன்ஷியம் அலுமினேட் கலந்தது என்றால் நல்லது. பழைய துத்தநாக சல்பைட் வகைப் பெயின்ட்டை விட அதிக நேரம் ஒளிரும். ஆனால் எய்வதற்குக் கொஞ்சம் முன்னால் டோர்ச் அடித்து ஊட்ட வேண்டும், முதல் சில நிமிடத்துக்குப் பின் வேகமாக மங்கும். தேயிலைச் செடியின் உள்ளே முழு இருட்டில், டோர்ச்சை அணைத்துவிட்டுக் கண்ணைப் பழக்கிப் பார்த்தால்தான் தெரியும். கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், நடுவில் யாராவது போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. பிள்ளைகள் கூட வருகிற இடத்தில் இது நடக்காது.

புறஊதா டோர்ச் பற்றிக் கேள்விப்பட்டேன்.

கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா வெளிச்சம்தான். இருட்டிய பிறகு அதை வீசினால் நியோன் இறகு தணல் மாதிரி எழும். பக்கத்தில் இருந்தால் அபாரம், தூரம் போனால் சக்தி போதாது. கிழிந்த சோப்புத்தூள் பைக்கற், வெள்ளை நூல், பேப்பர் எல்லாமும் நீலமாக ஒளிரும் என்பதால் குப்பை கிடக்கும் இடத்தில் ஏமாறுவீர்கள். யார் கண்ணிலும் அடிக்க வேண்டாம்.

போட்டிக்கு இதையெல்லாம் போட்டுக்கொண்டு போகலாமா?

விளக்கு நொக் கூடாது, உலக வில்வித்தைச் சம்மேளன விதி அதைத் தடுக்கிறது. நிறமும் ஸ்டிக்கரும் பிரச்சினையில்லை. ஆனால் ஒரு சுற்றில் எய்யும் எல்லா அம்பும் ஒரே மாதிரி, ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், தண்டில் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். பெயரைப் பயிற்சி அம்பிலும் எழுதுங்கள். எவர் கையிலாவது கிடைத்தால் திரும்பி வர அது ஒன்றுதான் வழி.

சரி, அம்பு போய்விட்டது. எப்படித் தேடுவது?

நகராதீர்கள். எல்லோரும் உடனே ஓடுவதுதான் முதல் பிழை. எய்தவர் எய்த இடத்திலேயே நின்று, அம்பு போன நேர்கோட்டில் தூரத்தில் அசையாத ஒன்றை, ஒரு சவுக்கு மரத்தையோ லயத்துக் கூரையையோ பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு ஒருவர் மட்டும் இறங்கி நடக்கட்டும். “இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... அந்த நிரைதான்” என்று எய்தவர் மேலிருந்து வழி சொல்ல வேண்டும். மூட்டத்தில் ஆள் மறைந்துவிட்டால் குரலை வைத்துச் சொல்லலாம்.

கீழே போனவர் தேயிலையைக் கையால் விலக்கக் கூடாது. ஒரு தடியால் மேல்தட்டை மெதுவாகத் தட்டிக்கொண்டு போனால் செருகி நிற்கும் அம்பு தனியாக ஆடும், இலை ஆடுகிற மாதிரி இருக்காது. புல்தரையில் விழுந்தால் வேறு கதை. தாழ்வாக வந்த அம்பு மானாப்புல்லுக்கு அடியில் பாம்பு மாதிரி புகுந்து, முழுதாக மறைந்துவிடும். மேலே நின்று எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. தடியின் நுனியில் கட்டுக்கம்பியைக் கொக்கி போல வளைத்துக் கட்டி, அம்பு போன கோட்டுக்குக் குறுக்கே சீவிக்கொண்டு போங்கள். தண்டில் கொக்கி மாட்டும். கிடைத்ததும் பின்னால் இழுக்காதீர்கள், இறகு பிய்ந்துவிடும். முனைப்பக்கம் தூக்கி, அது போன திசையிலேயே முன்னால் உருவுங்கள்.

எடுத்த அம்பை அப்படியே நாணில் ஏற்றவும் கூடாது. கார்பன் தண்டை இரு கையாலும் லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். நெறுநெறு என்று சத்தம் வந்தால் அது குப்பைக்கு. முறித்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது எய்துவிடுவார்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால்?

சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்த மலை, எந்தப் பக்கத்து நிரை என்று அன்றிரவே கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிரைக்கு ஒரு சாக்குத் துண்டோ ரிபனோ கட்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) தெரிந்தால் மைதானத்தைத் தர மாட்டாரே என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொழுந்து எடுக்கும் ஒருவர் கையில் குத்தினால் மைதானம் நிச்சயம் போகும், நியாயமாகவும் போகும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் அம்பை எண்ணினால் இந்த நிலைமை பாதி குறையும். ஐந்தரைக்கு மேல் நீண்ட தூரம் எய்யாமல் கிட்ட நின்று எய்தால் மீதியில் பெரும்பகுதியும் குறையும். இலக்குக்குப் பின்னால் மண்மேடோ தொங்கவிட்ட தடித்த வலையோ இருக்கும் மைதானத்தில் இந்தப் பக்கத்தைப் படிக்கவே தேவையில்லை.

இருட்டில் தேயிலைக்குள் போவது ஆபத்தா?

அட்டை ஆபத்தில்லை, எரிச்சல்தான். சிறுத்தை தோட்டங்களுக்குள் நடமாடுவது உண்மை. அது பெரும்பாலும் விலகிப் போகும், இருந்தாலும் தனியாகக் குனிந்துகொண்டு அலைய வேண்டாம், இரண்டு பேராகப் பேசிக்கொண்டே போங்கள். எனக்கு அதிகப் பயம் கம்பிக் கண்ணி மேல்தான். பன்றிக்கு வைக்கும் கண்ணி தோட்டத்து ஓரங்களிலும் மரக்கறித் தோட்ட வேலிகளிலும் இருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி ஒன்றில் மாட்டி, பிறகு செத்துப்போனது பலருக்கு நினைவிருக்கும். மனிதக் காலுக்கும் அது கண்ணிதான். காட்டோர நிரை என்றால் காலையில் போய்த் தேடுங்கள்.

பிள்ளைகள் மூங்கில் அம்பு செய்து விளையாடுகிறார்கள். அதற்கு என்ன செய்யலாம்?

பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு வெள்ளை பெயின்ட், காய்ந்ததும் அதன் மேல் நியோன் இளஞ்சிவப்பு. வெள்ளை அடிப்பூச்சு இல்லாமல் மூங்கில் மேலேயே நியோன் அடித்தால் சோர்ந்து தெரியும். நெயில் பொலிஷும் நடக்கும், அக்காவிடம் கேட்டு எடுங்கள். முனையில் ஆணி வேண்டாம்.

கனடாவில் இருக்கும் மச்சான் மான் வேட்டைக்குப் போகிறவர். அவருக்கும் இதேதானா?

அவருக்கு ஒரு தேவை அதிகம். ஒன்டாரியோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை எய்யலாம், ஆக அம்பைத் தேடுவது கிட்டத்தட்ட இருட்டில். மானை ஊடுருவிப் போன அம்பைக் கண்டெடுத்தால், அதில் இருக்கும் இரத்தத்தைப் பார்த்துத்தான் உடனே பின்தொடர்வதா, மணிக்கணக்கில் காத்திருப்பதா என்று முடிவெடுப்பார்கள். நுரையோடு வெளிர்ச் சிவப்பு என்றால் நுரையீரல், பச்சை கலந்து நாற்றமடித்தால் குடல். வெள்ளை ஸ்டிக்கரில் அது சட்டென்று தெரியும், அதனால் அங்கே வெள்ளைக்கு மதிப்பு. செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் மானின் கண்ணுக்கு மங்கல், அதன் கண்ணில் சிவப்பை உணரும் கூம்பு இல்லை. நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும். விளக்கு நொக்கைப் பொறுத்தவரை இடத்துக்கு இடம் விதி வேறு, அவர் தன் மாகாண விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

கத்தி போன்ற அகல முனை அம்பை இருட்டில் துழாவித் தேடக் கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லத் தேவையிருக்காது.

அவர் ஊருக்கு வரும்போது என்ன கொண்டுவரச் சொல்லலாம்?

வெள்ளை நொக் இரண்டு டசின், உங்கள் தண்டின் உள்விட்டத்தைச் சரியாக எழுதி அனுப்பிவிட்டு. நியோன் இளஞ்சிவப்பு இறகு ஒரு பைக்கற், ஒட்டும் பசை, தண்டுக்கான வெள்ளை ஸ்டிக்கர். ரிஃப்ளெக்டர் இங்கேயே கிடைக்கும். வில்லோ அம்போ கொண்டுவருவதானால் புறப்படும் முன்பே சுங்கத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள், கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வேட்டை முனைகளை அங்கேயே வைத்துவிட்டு வரட்டும்.